ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கு முதுகு காட்டி நிற்பது குறித்து

அனுப்புநர்:
லோ. நாகமுத்து,
த/பெ. லோகநாதன்,
சைக்கிள் கடை, ரயில்வே கேட் அருகில்,
கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டம்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்ட அதிகாரி அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: கால்பந்து – கும்மிடிப்பூண்டி மைதானம் – 16-4-78 ஞாயிறு மாலை இறுதியாட்டம் – கிழக்கு ஓரத்தில் ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கும் எங்களை அப்புறப்படுத்த விழாக் குழு முயல்வது – தடுத்து உதவக் கோருதல் – மற்றும் சில.

பார்வை: 1. தாங்கள் கோப்பை வழங்குவதாக ரயில் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டி.
2. விழாக் குழுச் செயலாளர் ஆதிகேசவன் 10-4-78 அன்று என் கடைக்கு வந்து வாயால் விடுத்த எச்சரிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை தாங்கள் மேடையில் வந்து அமரும்போது, எதிரில், மைதானத்துக்கு அப்பால், எட்டுப் பேர் ரயில் பாதையைப் பார்த்தபடி வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். எங்கள் முகம் தங்களுக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும். கோப்பை கொடுக்க வந்த அதிகாரிக்கே முதுகைக் காட்டுகிறார்களே, இது என்ன திமிர் என்று தாங்கள் நினைக்கக்கூடும். அப்படி நினைக்க வேண்டாம் என்று முதலிலேயே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த முதுகுகள் தங்களுக்கானவை அல்ல. தங்கள் பக்கத்து நாற்காலியில் மாலையோடு அமரப்போகிற திரு. துளசிராமன் அவர்களுக்கானவை. இருவரும் அருகருகே உட்காருவதால், ஒருவருக்கு மட்டும் காட்ட வழியில்லாமல் போய்விட்டது.

2. என்னைப் பற்றி. எனக்கு வயது நாற்பத்தெட்டு. சைக்கிள் ரிப்பேர் தொழில். 1961-ஆம் ஆண்டு அங்காளம்மன் கோயில் தெருவும் சர்ச் தெருவும் சேர்ந்து 'விடிவெள்ளி கால்பந்துக் கழகம்' ஆரம்பித்த நாளிலிருந்து நான் அதன் ஆள். சட்டை வாங்க வசதியில்லாததால் வெள்ளை பனியன்களை மஞ்சள்தூள் கரைத்த அண்டாவில் முக்கி எடுத்தோம். முக்கியவர் என் மனைவி பச்சையம்மா. மழை பெய்தால் மஞ்சள் கரைந்து ஆட்டக்காரர்களின் முழங்கால்வரை வழியும். மீஞ்சூர்க்காரர்கள் எங்களை 'மஞ்சக்கிழங்கு' என்று கேலி செய்வார்கள். அவர்கள் சட்டையிலும் கொஞ்சம் மஞ்சளை ஏற்றித்தான் திருப்பி அனுப்புவோம்.

3. எனக்கு விளையாட வராது. இரண்டு அடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் பந்துக்குக் காற்றடிப்பது என் பொறுப்பு. அடித்த பந்தை நான் நேராக கோல்கீப்பரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் இரண்டு கட்டை விரலாலும் அழுத்திப் பார்த்து 'சரி' என்ற பிறகுதான் பந்து மைதானத்துக்குள் போகும். இது எங்கள் கழகத்தில் எழுதாத சட்டம். அடுத்து, எங்கள் அணி கோல் போட்டால் நான் ஓரத்திலிருந்து 'விடிஞ்சிதா?' என்று குரல் கொடுப்பேன்; ஊரே 'விடிஞ்சிச்சு!' என்று திருப்பிக் கொடுக்கும். இந்தக் கோஷம் என்னுடையது. இதற்கு வேறு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

4. எங்கள் கோல்கீப்பர் யேசுதாஸ். எனக்குத் தம்பி முறை வைத்துப் பழகியவன். (அவன் என்று எழுதுவதை மன்னிக்கவும். அவர் என்று எழுதினால் வேறு யாரையோ சொல்வது போல் இருக்கிறது.) 1969-இல் திருப்பாச்சூரில் நடந்த ஆட்டத்தில் அவன் பிடித்த பந்துகளைப் பற்றி இன்றும் அந்த ஊர் டீக்கடையில் பேசுகிறார்கள். தொழிற்சாலைகள் வந்த பிறகு அவனும் எல்லாரையும் போல வேலைக்குப் போனான். போனது திரு. துளசிராமன் அவர்களின் இரும்பு உருட்டாலைக்கு. அங்கே பழுக்கக் காய்ந்த கம்பியை உருளைக்குள் செலுத்துவது வேலை. கை போய்விடாமல் தடுக்கும் மூடியை, வேலை மந்தமாகிறது என்று சொல்லிக் கழற்றிவைத்திருந்தார்கள். சென்ற ஆண்டு மாசி மாதம் யேசுதாஸின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

5. குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், அதனால்தான் அடிபட்டான் என்று மில் நிர்வாகம் சொல்லிவிட்டது. மதுவிலக்கு அமலில் இருக்கும் நாளில் ஒருவனைக் குடிகாரன் என்று சொல்வது, கையைப் பறித்ததோடு பெயரையும் பறிப்பதாகும். சர்ச்சில் கொடுக்கும் திராட்சை ரசத்தைத் தவிர யேசுதாஸ் எதையும் தொட்டவன் இல்லை. அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிப்பான். இப்போது அவன் மனைவி சாராள் ரயில் நிலையத்தின் அருகே நாஷ்டா கடை போட்டிருக்கிறார். யேசுதாஸ் இடது கையால் தண்ணீர் மொண்டு வைக்கிறான். வருகிறவர்களில் இரண்டொருவர் அவன் வாயை மோந்து பார்ப்பது போல் குனிகிறார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

6. அப்போது விடிவெள்ளி ஆட்டக்காரர்கள் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு மில் வாசலில் போய் நின்றார்கள். கல்லெறியவில்லை, கத்தவில்லை. மாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் வாசலின் இருபுறமும் நிற்பார்கள். வெளியே வருகிறவர்கள் எல்லாம் அந்த மஞ்சளுக்கு நடுவில்தான் நடந்துபோக வேண்டும். திரு. துளசிராமன் அவர்களின் காரும் அப்படித்தான் போக வேண்டியிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. பேசாமல் எங்கள் மைதானத்தின் நிலத்தை அதன் சொந்தக்காரரிடமிருந்து வாங்கிவிட்டார். இனி இங்கே ஆடுகிறவர்கள் தம் கீழே ஆடலாம், இல்லாவிட்டால் ஆட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கூடவே ஆட்டக்காரர்களுக்கு மில்லில் வேலை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

7. ஐயா, அவர் அணியின் பெயரை மாற்றியிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். துளசிராமன் மில் அணி என்று வைத்து, சிவப்போ நீலமோ கொடுத்திருந்தால், எக்கேடும் கெடட்டும் என்று கடையை மூடிவிட்டுத் தூங்கியிருப்பேன். அவர் கெட்டிக்காரர். பெயரில் ஓர் எழுத்தை மாற்றவில்லை. வெளுக்காத நைலான் சட்டையை வரவழைத்து, அதிலும் அதே மஞ்சளைத்தான் போடச் சொன்னார். வேறு கழகம் ஆரம்பிக்கலாமே என்று சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். கடித்தால் மாற்றிக்கொள்ள இது என்ன செருப்பா?

8. புதிய முதலாளியின் கீழ் முதல் ஆட்டம் சென்ற ஜூன் மாதம். முந்தைய நாள் மாலை என் கடையில் முப்பது பேருக்கு மேல் கூடினோம். கோயில் தெருக்காரர்கள் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்தோம். சர்ச் தெருக்காரர்கள் பைபிள்மேல் கை வைத்தார்கள். யேசுதாஸுக்கு நியாயம் கிடைக்கும் வரை துளசிராமனின் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்தோம். சத்தியம் செய்த சூட்டில், மறுநாள் சாயங்காலம் எங்கே இருப்பது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் எல்லாரும் மைதானத்தில் இருந்தோம். ஒருவர் ஆட்டைத் தேடி வந்தேன் என்றார். ஒருவர் ரயிலுக்கு நேரமிருக்கிறது என்றார். நான் கையில் பம்ப்பை வைத்துக்கொண்டிருந்தேன்; ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. ரெஃப்ரி விசில் ஊதியதும் வேறு வழியில்லாமல் அத்தனை பேரும் கிழக்கே திரும்பி ரயில் பாதையைப் பார்த்தோம்.

9. அன்றிலிருந்து அப்படித்தான் நிற்கிறோம். கூடூர் பாசஞ்சரில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள். தங்களை வழியனுப்பத்தான் நிற்கிறோம் என்று நினைக்கிறார்கள் போலும். ஊரில் எங்களுக்கு 'சிக்னல் மரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பது பேர் இருபதாகி, இருபது எட்டாகியிருக்கிறோம். போனவர்களை நான் ஏசவில்லை என்று எழுத ஆசைதான். ஏசியிருக்கிறேன். அவர்கள் இப்போது முன்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. பொறாமை என்ற சொல்லை அரசாங்கத்துக்கு எழுதும் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

10. என் மனைவி சத்தியம் செய்யவில்லை. அன்று மாலை அவர் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். பதினாறு வருடமாக ஆட்டத்தின் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர், நான் திரும்பி நிற்க ஆரம்பித்த பிறகு, எனக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டு வந்து என் தோளுக்குத் தோள் நின்று மேற்கே பார்க்கிறார். நான் ரயிலைப் பார்ப்பேன். அவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வார். என்ன சொல்வார் தெரியுமா? 'நெட்டையா ஒருத்தன் தலையால முட்டினான், அவன் கீய வுயுந்துட்டான், இன்னொருத்தன் எட்டி ஒதைச்சான்' என்பார். யார் நெட்டை, எந்தப் பக்கம், கார்னரா, எதிராளி எங்கே நின்றான் என்று கேட்டால், 'இன்னாத்துக்கு என்னைப் போட்டுப் பேஜார் பண்ற? திரும்பித்தான் பாரேன்' என்பார். நல்ல கோல் எது, நாய் குறுக்கே ஓடியது எது என்று அவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி கை தட்டுகிறார். இப்படிப்பட்டவர் கண்ணுக்கு அத்தனையும் கிடைக்கிறது. அந்த மாலைகளில் எங்கள் வீட்டில் சமையல் நடக்கும், பேச்சு நடக்காது.

11. ஆதிகேசவன் பற்றி. இவர் முன்பு மீஞ்சூர் அணிக்குக் கத்தியவர். எங்கள் மஞ்சளைப் பார்த்துக் கேலி செய்த கூட்டத்தில் முதல் வரிசை. இன்று மில்லில் டைம்கீப்பர். அதோடு எங்கள் கழகத்துக்கும் விழாக் குழுவுக்கும் செயலாளர். பந்துக்கு அவர்தான் காற்றடிக்கிறார். கோல்கீப்பரிடம் காட்டுவதில்லை, தானே ஒரு தட்டுத் தட்டி உள்ளே உருட்டிவிடுகிறார். இரண்டு கூம்பு ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டி அதில் என் கோஷத்தைக் கூவுகிறார். கோலுக்குத்தான் அது என்ற கணக்கே கிடையாது. கார்னருக்கு 'விடிஞ்சிதா?', பந்து வெளியே போனால் 'விடிஞ்சிதா?', சோடா வந்தால்கூட 'விடிஞ்சிதா?' இந்த ஒலிபெருக்கிக்கு முறையான அனுமதி உள்ளதா என்று தாங்கள் விசாரிக்க வேண்டுகிறேன். இல்லாதிருந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

12. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதன்முதல் அவர் அந்தக் கூம்பில் கூவிய அன்று, ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த என் வாய், என்னைக் கேட்காமலே 'விடிஞ்சிச்சு!' என்றது. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இருமல் வந்தது போல் இருமினேன்.

13. சென்ற ஞாயிற்றுக்கிழமை, அதாவது 9-4-78 அன்று, அரக்கோணத்து அணியோடு அரையிறுதி ஆட்டம். ஒரு கோல் வித்தியாசத்தில் எங்கள் அணி முன்னால் இருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், இடது கைப் பக்கமாக, வடக்கு கோல். அங்கே இப்போது நிற்பவர் ஜோசப் என்ற இளைஞர், மில்லில் பளு தூக்குகிறவர். பாதி ஆட்டத்துக்கு மேல், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. 'முன்னால வா ஜோசப்பு, முன்னால வா... போதும், நில்லு.' பதினைந்து வருடம் கேட்ட குரல். ஆனால் யேசுதாஸோ அடிபட்ட பிறகு மைதானத்துப் பக்கமே வராதவன்.

14. 'யாரு?' என்று மனைவியைக் கேட்டேன். 'யேசுதாஸ் வந்துகீறாரு' என்றார். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்று கேட்டேன். எங்களோடு வந்து வரிசையில் நிற்கத்தான் வந்திருக்கிறான் என்று நம்பிக் கேட்டேன். என் மனைவி, 'கோல் கம்பத்தாண்ட நின்னுகினு ஆட்டத்தைத்தான் பாக்கறாரு' என்றார். ஐயா, யாருக்காக நான் பத்து மாதமாக என் கண்ணைக் கட்டிக்கொண்டேனோ அவன் நிம்மதியாக ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த நிமிடத்தில் திரு. துளசிராமன் அவர்கள்மீது எனக்கிருந்த ஆத்திரம் யேசுதாஸ்மீது வந்த ஆத்திரத்தில் பாதிகூட இல்லை.

15. ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்கு எதிராக பெனால்ட்டி. கூட்டம் அடங்கிவிட்டது. யேசுதாஸின் குரல் மட்டும், 'அவசரப்படாதடா, அவன் காலைப் பாரு' என்றது. சரியாக அப்போது எனக்கு எதிரே கூட்ஸ் வண்டி வந்தது. நிலக்கரி ஏற்றிய வண்டி, மெதுவாகப் போகிற வண்டி. அதன் சத்தத்தில் விசிலும் கேட்கவில்லை, உதையும் கேட்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கறுப்பு என் முகத்தின் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அன்று காலையில் எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை நினைவுக்கு வந்ததோ என்னவோ, அவர் வாயைத் திறக்கவில்லை. ஒலிபெருக்கி 'விடிஞ்சிதா?' என்றது. ஆனால் அதுதான் சோடாவுக்கும் சொல்கிறதே. அதை வைத்து நான் எதை நம்புவது? என் மைத்துனர் அப்பாவு இரண்டாம் ஆளாக நின்றிருந்தார். அவரால் தாங்க முடியவில்லை, திரும்பிவிட்டார். ஒன்பது பேராக இருந்தவர்கள் எட்டுப் பேரானது அப்போதுதான்.

16. நான் திரும்பவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. திரும்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பதற்காக எழுதுகிறேன். கடைசிப் பெட்டி போன பிறகுதான் கூட்டத்தின் சத்தம் காதில் விழுந்தது. அது ஜெயித்த சத்தம். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'புடிச்சிட்டான், ஜோசப்பு புடிச்சிட்டான்' என்றார். பிறகு, நான் கேட்காமலே, 'யேசுதாஸைப் பாரு, எப்டி சிரிக்கிறாரு' என்றார்.

17. மறுநாள் காலை நான் சாராளின் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். நான் யாருக்காக நிற்கிறேன், நீ எந்த முகத்தோடு அந்த ஆளின் ஆட்டத்தைப் பார்க்கிறாய் என்று கேட்டேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். யேசுதாஸ் கையிலிருந்த செம்பை வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'அவன் எட்துகினது கையிணா. கண்ணையும் நானே நோண்டி அவன் கையில குடுக்கணுமா? மில்லு அவன்து, எடம் அவன்து. ஆட்டம் எப்டிணா அவன்து ஆவும்?'

18. அப்படியென்றால் நானும் திரும்பிக்கொள்கிறேன் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். பத்து மாதப் பட்டினி அன்றோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். 'வேணாம்ணா. நீ திரும்பிட்டா மறந்துட்டாங்கன்னு ஆயிடும். அந்த ஆளு சேர்ல குந்திகினு நேரா பாக்கறப்ப உங்க முதுவு அவன் கண்ல படணும். எனக்கு அது வேணும். நான் பாக்கறேன், நீ பாக்காதே' என்றான்.

19. கவனிக்கவும் ஐயா: பார்ப்பது அவனுக்கு, பார்க்காமலிருப்பது எனக்கு. இப்படியும் ஒரு பங்கு பிரிப்பார்களா? கை போனவனிடம் போய் எதிர்த்துப் பேச முடியுமா? சரி என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிவது நிற்கவில்லை.

20. அன்று பகலே ஆதிகேசவன் என் கடைக்கு வந்தார். டியூபில் ஓட்டை தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, 'ஞாயித்துக்கெயமை பெரிய ஆபீசர் வராரு. அவருக்கு முதுவு காட்டினா கவர்மெண்டையே அவமானம் பண்ணாமாரி. ஒண்ணு மூஞ்சியைத் திருப்பி நில்லு, இல்ல ஊட்ல கெட. இல்லாங்காட்டி ஆள் உட்டு அப்புறப்படுத்துவோம்' என்றார். தங்கள் பெயரைச் சொல்லி மிரட்ட தாங்கள் அவருக்கு அனுமதி கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நிற்பது ரயில் பாதை ஓரத்துப் பொது இடம். துளசிராமன் அவர்களின் வேலி எங்கள் குதிகாலோடு முடிந்துவிடுகிறது. அதை நானே அளந்து பார்த்துவிட்டேன்.

21. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் வேண்டுகிறேன்.

அ. ஞாயிற்றுக்கிழமை எங்கள் எட்டுப் பேரையும் நின்ற இடத்தில் நின்றபடி விட்டுவிட உத்தரவிட வேண்டும். நாங்கள் கத்த மாட்டோம், கொடி பிடிக்க மாட்டோம். சும்மா நிற்போம்.

ஆ. தாங்கள் மேடையில் அமர்ந்ததும், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம், 'அவர்கள் ஏன் அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள்?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒலிபெருக்கியில் கேட்டால் மிகவும் நல்லது. ஒரு நாளாவது அது உருப்படியான காரியத்துக்குப் பயன்படட்டும். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று ஊரே கேட்கட்டும். அவர் சொல்லும் பதில் சரியில்லை என்று தங்களுக்குத் தோன்றினால், யேசுதாஸ் குடித்திருந்தானா, அந்த உருளையின் மூடி எங்கே போனது என்பதை முறைப்படி விசாரிக்க ஆணையிட வேண்டும். விசாரணைக்கு எந்த நாளில் கூப்பிட்டாலும் கடையை மூடிவிட்டுத் திருவள்ளூருக்கு ரயில் ஏறி வருவேன்.

இ. இது எனக்காக. விடிவெள்ளிதான் ஜெயிக்கும். (தோற்றுவிட்டால் இந்தப் பகுதியைத் தயவுசெய்து அடித்துவிடவும்.) கோப்பையைத் துளசிராமன் அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். யேசுதாஸைக் கூப்பிட்டுக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அதை மைதானத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போது வேலியைத் தாண்டி எங்கள் முன்பக்கமாக, ரயில் பாதை ஓரமாக, ஒருமுறை வந்து போகச் சொல்ல வேண்டும். ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்றுதான் சத்தியம் செய்திருக்கிறோம். ஆட்டம் முடிந்த பிறகு வருகிற ஆளைப் பார்ப்பதில்லை என்று செய்யவில்லை.

22. கோப்பை எனக்குப் பெரிதில்லை ஐயா. பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசியது, அதை விற்ற கடையிலேயே பார்த்துவிட்டேன். மைதானத்தில் யேசுதாஸின் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் சிரித்தான் என்று என் மனைவி சொல்கிறார். நாய் ஓடினால் கை தட்டுகிறவர் சொல்வதை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் இருப்பது? அவன் சிரிப்பை நானே பார்க்க வேண்டும்.

இடம்: கும்மிடிப்பூண்டி
நாள்: 12-4-1978

தங்கள் நல்ல உத்தரவை எதிர்பார்த்து,
லோ. நாகமுத்து
(ஒப்பம்)